ஐந்தாம் கவுன்ட்டர்

"அட்ரஸ் இல்லாம எப்படி உள்ள விடறது? அந்தப் பக்கம் போய் நில்லு."

ஆறாம் கவுன்ட்டர் அதிகாரி பாஸ்போர்ட்டைத் திருப்பித் தள்ளினார். மகள் பிரசவத்துக்காக எல்லை தாண்டி வந்திருந்த அம்மாள், தங்கப்போகும் முகவரியைப் படிவத்தில் எழுதவில்லை.

"ஃபோன்ல இருக்கு தம்பி. சார்ஜ்தான் தீர்ந்துபோச்சு..."

"நான் உனக்குத் தம்பியா? அடுத்த ஆள்."

அம்மாள் சுவரோரமாகப் போய் நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் ஐந்தாம் கவுன்ட்டர் பெண் அதிகாரி தன் வரிசையை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். அம்மாளை சைட் ரூமுக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

கால் மணி நேரம் கழித்து இருவரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்தது. அம்மாள் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

பார்த்துக்கொண்டிருந்த ஆறாம் கவுன்ட்டருக்கு வயிறு எரிந்தது.

இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அவர் கையை ஒருத்தரும் கண்ணில் ஒற்றிக்கொண்டதில்லை. இவள் வந்து நாலு வருஷம்தான். அவர் வரிசை காலியாகக் கிடந்தாலும் ஜனங்கள் இவள் வரிசையில்தான் போய் நிற்கிறார்கள். போன வாரம் யாரோ இவளுக்கு நன்றிக் கடிதம் எழுத, மேலதிகாரி அதை நோட்டீஸ் போர்டில் வேறு குத்திவைத்துவிட்டார். ஆள் இல்லாத நேரம் பார்த்து அவர் அதை மூன்று தடவை படித்தார்.

அன்று சாப்பிடும்போதும் அதே பேச்சுதான்.

"நீங்களும் நல்லவிதமா நாலு வார்த்தை பேசினா உங்ககிட்டயும் வந்துட்டுப் போறாங்க" என்றாள் மனைவி.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மாவா கதவைச் சாத்திக்கிறா?"

மறுநாள் காலை மேலதிகாரியிடம் எழுதியே கொடுத்துவிட்டார். வேலை நேரத்தில் இருக்கையை விட்டு எழுந்திருக்கிறாள், பயணிகளை மூடிய அறைக்குள் அழைத்துப் போகிறாள்.

"கை நீட்டி வாங்கினதைப் பார்த்தீங்களா?"

"அதெல்லாம் நம்ம கண்ணு முன்னாடியா சார் வாங்குவாங்க?"

விசாரணை முடியும்வரை அவளை மாடியில் ரெக்கார்டு ரூமுக்கு மாற்றினார்கள்.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு போகும்போது அவரிடம் சொன்னாள்: "அண்ணே, சைட் ரூம் சார்ஜர் கொஞ்சம் லூஸு. அழுத்திப் பிடிச்சாத்தான் ஏறும்."

குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்து அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து வரிசை முழுக்க அவருடையதுதான். மாதக் கடைசியில் மேலதிகாரி கூப்பிட்டு அனுப்பியபோது, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனார்.

மேஜைமேல் பதினேழு தாள்கள் இருந்தன.

"படிக்கிறேன், கேளுங்க. 'காரணமே சொல்லாமல் மூன்று மணி நேரம் நிற்க வைத்தார்.' 'என் அப்பாவை வா, போ என்று பேசினார்.' 'மாத்திரை போடத் தண்ணீர் கேட்டேன், முறைத்தார்.' எல்லாம் உங்க பேர்லதான்."

"இது அந்தம்மா வேலை சார். மாடியில உக்காந்துக்கிட்டு ஆள் வச்சு எழுதவைக்கிறாங்க."

மேலதிகாரி கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார்.

"வாசல்ல பயணிகள் புகார்ப் பெட்டி தொங்குதே, அதுல பேப்பர் திணிக்க இடமில்லாம வெளிய துருத்திக்கிட்டு இருந்துச்சு. சரி, திறக்கலாம்னு பார்த்தா சாவியைக் காணோம். பூட்டை உடைச்சுத்தான் எடுத்தேன்."

தாள்களை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அந்தம்மா கீழ இருந்த நாலு வருஷமும் அந்தச் சாவி யாருக்கும் தேவைப்படலை."