கை மாறும் ஆட்டம்

“அப்பாவோட முதல் சுத்து எனக்குத்தான்!” என்றாள் மூத்த மகள்.

“அதெப்படி? மூத்தவன்னு நான் ஒருத்தன் இருக்கேன்ல? முதல்ல நான்தான்.”

நடன டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டு விசேஷங்களுக்குப் போய், யாருக்கும் சட்டென்று வரக்கூடிய கிராமிய ஆட்டங்களைச் சொல்லிக் கொடுப்பதுதான் இருபது வருஷமாக அவளுக்குத் தொழில். பந்திக்கு முந்துகிறவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறாள். அப்பாவின் கைக்கு முந்துகிற பிள்ளைகளை இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

அப்பாவுக்கு எழுபத்தைந்தாவது பிறந்தநாள். மனைவி போன பிறகு, மூன்று மாதத்துக்கு ஒரு பிள்ளை வீடு என்று பெட்டியும் கையுமாக அலைகிற மனிதர். ‘இனிமே ஒரே இடம்தான், எதுன்னு பிறந்தநாள் அன்னைக்குச் சொல்றோம்’ என்று பிள்ளைகள் வாக்குக் கொடுத்திருந்தார்கள். காலையிலேயே புதுச்சட்டை போட்டு, பெட்டியைக் கதவோரம் வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

“எந்த வீடா இருந்தா என்னம்மா? காலையில ‘அப்பா, எழுந்தாச்சா’ன்னு ஒரு குரல் கேட்டாப் போதும்,” என்றார் டீச்சரிடம்.

சோபாவைச் சுவரோரம் தள்ளி ஹாலைக் காலி செய்தார்கள். அப்பா, இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள்.

“இது ஜோடி ஆட்டம். ஒரு ஆள் குறையுதே, மருமகளைக் கூப்பிடுங்களேன்,” என்றாள் டீச்சர்.

“அவ செல்போன்ல பாட்டு போடுறதைப் பார்த்துக்கட்டும். நீங்களே சேர்ந்துக்குங்க டீச்சர். வெளியாள் ஒருத்தர் இருக்கிறதும் நல்லதுதான்,” என்றான் மூத்தவன்.

டீச்சர் ஆடிக் காட்டினாள். “எதிர்ல நிக்கிறவங்க கையில மூணு தட்டு. கையைக் கோத்து ஒரு சுத்து. அப்புறம் அடுத்த ஆள்கிட்ட போயிடணும். அவ்வளவுதான்.”

மூத்த மருமகள் செல்போனோடு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். “பாட்டு எப்ப வேணா நிக்கும். நின்னா, பிடிச்ச கையை யாரும் விடக் கூடாது,” என்றான் இளையவன். டீச்சரின் ஆட்டத்தில் அப்படி ஒரு விதியே கிடையாது. விளையாட்டுப் பிள்ளைகள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள், பாவம்.

பாட்டு தொடங்கியது. முதல் சுற்று மூத்தவனுக்கே கிடைத்தது, நிதானமாக ஆடினான். அடுத்து மூத்த மகள். மூன்று தட்டு இரண்டானது. இளையவன் அரைச் சுற்றோடு அப்பாவைத் தள்ளிவிட்டான்.

“என்னடா இவ்வளவு வேகம்! கிழவனை ஓட விடுறீங்களே!” அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரிப்பில் மூச்சு வாங்கியது.

அடுத்தது கடைக்குட்டி. நாலு பேரில் அவர் தோளில் தூக்கிச் சுமந்து வளர்த்த செல்லம்.

“கொஞ்சம் பிடிச்சுக்கோம்மா. தலை சுத்துது.”

அவளோ அடுப்பிலிருந்து சூடாக இறக்கிய பாத்திரத்தைத் தொட்டவள்போல் கையை உதறிவிட்டு நகர்ந்தாள். அப்பா தள்ளாடினார். டீச்சர் தன் முறை வருவதற்கு முன்பே ஓடி வந்து, அவருடைய இரண்டு கைகளையும் இறுகப் பற்றிக்கொண்டாள்.

“பயப்படாதீங்க ஐயா. நான் பிடிச்சிருக்கேன்.”

பாட்டு நின்றது.

நாலு பிள்ளைகளும் ஒன்றாகப் பெருமூச்சு விட்டார்கள். கடைக்குட்டி கையே தட்டிவிட்டாள்.

தனக்குத்தான் அந்தக் கைதட்டல் என்று அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. “பார்த்தீங்களா டீச்சர், நாலு பேரும் எவ்வளவு ஒத்துமைன்னு! சரி, இப்பவாவது சொல்லுங்கடா. நான் யார் வீட்டுக்கு வரணும்?”

மூத்தவன் அவரைப் பார்க்கவில்லை. சுவரோரம் இருந்த மனைவியிடம் சொன்னான்:

“நம்ம நாலு பேர்ல யார் கையிலயும் நிக்கல. அந்த முதியோர் இல்லத்துக்கே போன் போட்டுடு.”