கராஜில் காய்ச்சிய பீர்

மில்வாக்கியில் தன் வீட்டு கராஜில் வெண்டல் பீர் காய்ச்ச ஆரம்பித்தபோது ஒரு பெரிய பானையும் கேஸ் அடுப்பும்தான் வைத்திருந்தான்.

போன வருஷம் பம்ப் வாங்கினான்.

"பானையைத் தூக்கி ஊத்தக்கூடச் சோம்பேறித்தனமாடா?" என்றான் பக்கத்து வீட்டு ராய்ஸ்.

பனி உருகியதும் பாட்டில்கள் போய், குழாய் வைத்த பீப்பாய் வந்தது.

"பாட்டிலுக்கு மூடி போடவும் வலிக்குதா துரைக்கு?"

"ஆமாடா," என்று வெண்டல் சிரித்தான்.

இந்த மாதம் எல்லாமே பட்டனைத் தட்டினால் நடக்கும்படி மாறியது. ராய்ஸ் ஒரு கோப்பை பிடித்துக் குடித்தான்.

"அட்டகாசம்டா! நீ காய்ச்சினதுலயே இதுதான் டாப்பு. இந்தா, உனக்கு."

அவன் நீட்டிய கோப்பையை வெண்டல் வாங்கவில்லை. கைகள் மடியிலேயே கிடந்தன. மனைவி டார்லீன் வந்து, அதை வாங்கி அவன் உதட்டில் வைத்தாள்.

"டாக்டர் போன வருஷமே சொல்லிட்டாரு, ராய்ஸ். முதல்ல கை போகும்னாரு. அடுத்தது தொண்டையாம்."