கடைசி லேப்டாப்

“இன்னும் வைஃபை வரலக்கா.”

“டச்பேடு?”

“அதுவும் செத்துக் கிடக்கு. தேய்ச்சுத் தேய்ச்சு விரல் ரேகையே போயிடும் போலிருக்கு.”

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவு என்பது இவர்கள் இரண்டு பேரும், ஜன்னல் இல்லாத இந்த அறையும்தான். அவனுக்கு எல்லோரும் வைத்த பெயர் டிரைவர். வைஃபை, கேமரா, ஸ்பீக்கர் என்று லேப்டாப்பின் ஒவ்வொரு பாகத்தையும் வேலை வாங்குகிற சின்ன மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். எந்நேரமும் அதையே பேசிப் பேசி வாங்கிய பட்டம். மாமனார் வீட்டில் இன்னும் அவன் வண்டி ஓட்டுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அலுவலக லேப்டாப்புகள் அத்தனைக்கும் புதிய விண்டோஸ் ஏற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. மாடலுக்கு மாடல் டிரைவர் வேறு என்பதால், ஒவ்வொரு மாடலுக்கும் தனித் தொகுப்பு செய்து சர்வரில் வைத்திருந்தான். கேபிளைச் செருகினால் போதும். சர்வர் மாடலைப் பார்த்து, பழையதை அழித்து, புதியதை ஏற்றி, பொருத்தமான டிரைவர்களையும் போட்டுவிடும். எல்லா லேப்டாப்புகளும் சமர்த்தாக வேலை செய்தன. பாக்கி ஒன்றே ஒன்று, மேனேஜருடையது. காலையில் அவர் ரவுண்ட்ஸ் போயிருந்தபோது மேஜை மேலிருந்து எடுத்து வந்திருந்தான்.

போயும் போயும் அதுதான் மக்கர் பண்ணியது.

“முதல் தடவை போடறப்பவே ‘இந்த மாடல் தெரியாது’ன்னு நின்னுடுச்சுக்கா. நான்தான் மேனேஜர் மாடலைக் கையால செலக்ட் பண்ணிக் கொடுத்தேன்.”

“கம்பெனிக்காரன் நடுவுல பார்ட்ஸை மாத்தியிருப்பான். நாம பார்க்காததா? வெளியில ஒரே மாதிரி இருக்கும், உள்ள வேறயா இருக்கும்.”

“இன்னைக்குன்னு பார்த்தா இது நடக்கணும்?”

அவன் பயத்துக்குக் காரணம் இருந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். இந்த வேலையை வெளி கம்பெனிக்குக் கொடுத்துவிடலாமா, இவர்களையே வைத்துக்கொள்ளலாமா என்று பார்த்துச் சொல்ல வந்தவர். நேற்று முழுக்க அடிக்கடி வாசலில் வந்து நிற்பார், பார்ப்பார், ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார். மதியம் கிளம்புகிறார்.

“போன கிளையில ஆளுங்களை வீட்டுக்கு அனுப்பிட்டுத்தான் இங்க வந்திருக்காங்களாம்,” என்றாள் அக்கா.

“இதை இப்பத்தான் சொல்லணுமாக்கா?”

செல்போன் அதிர்ந்தது. மனைவி. அவளுக்கு இது எட்டாவது மாதம்.

“என்னங்க, அந்த மேடம் ஏதாவது சொன்னாங்களா?”

“இன்னும் இல்லம்மா.”

“குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?”

“ஏசி குளிரு. அப்புறம் பேசறேன்.”

அறையில் ஏசி ஓடவே இல்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

வைத்த கையோடு இன்டர்காம் அலறியது. ரவுண்ட்ஸ் போன இடத்திலிருந்து மேனேஜர்.

“என்னப்பா, எல்லாம் முடிஞ்சுதா? மேடம் கிளம்பறதுக்குள்ள முடிச்சிடணும்.”

“உங்களுது மட்டும்தான் சார் பாக்கி.”

“ஆமாமா, என்னுதுதான் பாக்கி. சட்டுபுட்டுனு பாருங்க.”

அவன் ரிசீவரை வைத்தான். ஒரு லேப்டாப் சொதப்பினாலும் தன் தொகுப்புகள் எல்லாமே குப்பை என்று எழுதிவிடுவார்கள். தன்னோடு சேர்த்து அக்காவின் பிழைப்பும் போகும். அவளுக்குக் காலேஜ் போகிற வயதில் இரண்டு பிள்ளைகள்.

“மறுபடியும் முதல்லேர்ந்து போடு,” என்றாள் அக்கா. “டிஸ்க்கைச் சுத்தமா வழிச்சுட்டுப் போடு. ஏதாவது ஒட்டிக்கிட்டிருந்தாலும் போயிடும்.”

“மேனேஜரோட ஃபைல்?”

“நேத்தே சர்வர்ல ஏத்தியாச்சு. தைரியமா அழி.”

அழித்தான். ஒரு துளி மிச்சம் வைக்காமல் அழித்தான். மறுபடி ஏற்றினான். திரையில் ஓடும் கோட்டையே இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விண்டோஸ் வந்தது. வைஃபை வரவில்லை.

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். அவன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். தொகுப்பை மூடி வைத்துவிட்டு, உள்ளே இருக்கும் வைஃபை கார்டின் எண்ணையே எடுத்து, அதற்குரிய டிரைவரைத் தனியாகத் தேடிப் பிடித்தான். அதைப் போட்டான். டச்பேடுக்கும் அப்படியே.

திரையின் மூலையில் வைஃபை சின்னம் வந்து உட்கார்ந்தது. விரலை வைத்தான். அம்புக்குறி ஓடியது.

“அக்கா.”

“பார்த்தேன்டா, பார்த்தேன்.” அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். “உன் தொகுப்பு மேல தப்பே இல்ல. இதுல பார்ட்ஸே வேற. எடுத்துட்டு ஓடு.”

மேனேஜர் அறைக்குப் போனபோது அவரும் மேடமும் அப்போதுதான் ரவுண்ட்ஸ் முடித்து வந்திருந்தார்கள். மேடம் குனிந்து நாற்காலிக்கு அடியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெடி சார், உங்க லேப்டாப்,” என்று மூச்சு வாங்க நீட்டினான்.

“என்னுதா?” மேனேஜர் விழித்தார். “மேடம் உட்காரணுமேன்னு மேஜையை ஒழிச்சு, என்னுதை அலமாரியில வச்சுப் பூட்டிட்டேனேப்பா. நீ வந்து கேட்பேன்னு இருந்தேன்.”

மேடம் நிமிர்ந்தார். அவன் கையிலிருந்ததைப் பார்த்ததும், வந்ததிலிருந்து முதல் முறையாகச் சிரித்தார்.

“அப்பாடா, நீங்கதான் எடுத்து வச்சிருந்தீங்களா? மேஜை மேல காணோமேன்னு பதறிட்டேன். இந்த ரெண்டு பேரையும் எந்தக் காரணத்துக்கும் விட்டுடாதீங்கன்னு ராத்திரி கண்ணு முழிச்சு எழுதின ரிப்போர்ட் அதுல மட்டும்தான் இருக்கு. திறங்க தம்பி, உங்க முன்னாலயே அனுப்பிடறேன்.”