முதலிடம் பிடித்த ஆறு

அந்த ஆற்றுத் தண்ணீர் அவ்வளவு சுத்தமாக இருக்க வழியே இல்லை. கரையில் இரண்டு பெரிய சாயப்பட்டறைகள். நான்கு வருடம் முன்பு தூய்மையான ஆறுகளின் பட்டியலில் கடைசி. இப்போது நாட்டிலேயே முதலிடம்!

தேசிய சுற்றுச்சூழல் அறிக்கையைத் தொகுக்கும் அதிகாரி பேனாவைத் திறந்தாள்; மூடினாள். பதினோரு மணிக்கு அமைச்சரவை கூடுகிறது. தலைநகரின் நாற்பது லட்சம் பேருக்கு எந்த ஆற்றிலிருந்து குடிநீர் கொண்டுவருவது என்று இந்த அறிக்கையை வைத்துத்தான் முடிவெடுக்கப் போகிறார்கள்.

"கையெழுத்துப் போடுங்கம்மா, கீழ வண்டி நிக்குது." இயக்குநர் உட்காரக்கூட இல்லை.

"சார், பட்டறைக்காரங்க யாரையோ கைக்குள்ள போட்டிருக்காங்க. சோதனைக்கு வர்ற தண்ணி பாட்டில் மாறுது."

"ஆதாரம் இருக்கா?"

இல்லை. ஆய்வகத்தில் இருந்த தோழியைப் போனில் பிடித்தாள்.

"நாலு தடவை பார்த்தாச்சுடி. லேசா குளோரின் இருக்கு, அவ்வளவுதான். நீயே தாராளமா குடிக்கலாம்."

குளோரின்! சாயப்பட்டறையில் துணி வெளுக்கப் போடுவதாயிற்றே! அவள் சந்தேகம் இறுகியது.

இயக்குநரின் குரல் தாழ்ந்தது. "போன வருஷமும் இப்படித்தான் கிளப்பினீங்க, கடைசியில புஸ்ஸுனு போச்சு. இந்தத் தடவையும் அப்படி ஆச்சுன்னா என்னால உங்களைக் காப்பாத்த முடியாது."

அவளுக்கு ஒரே ஒரு வழிதான் மிச்சம். மாதாமாதம் அந்த ஊரிலிருந்து தண்ணீர் பிடித்து அனுப்பும் கடைநிலை ஊழியர். அலுவலகத்தில் அவருக்குப் 'பாட்டில்காரர்' என்றே பெயர். முகத்தைப் பார்த்தவர் யாருமில்லை. அவர் எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஏழாவது மணியில் எடுத்தார்.

"ஐயா, தலைமை ஆபீஸ்ல இருந்து பேசுறேன். பயப்படாம உண்மையைச் சொல்லுங்க. பட்டறைக்காரங்க உங்களை மிரட்டுறாங்களா?"

"பட்டறையா? அதெல்லாம் இழுத்து மூடி மூணு வருஷமாச்சேம்மா!"

இயக்குநர் அவளைப் பார்த்த பார்வையில் வெற்றி இருந்தது. பட்டறை இல்லை, அழுக்கும் இல்லை. இவ்வளவுதானா விஷயம்? நெஞ்சிலிருந்து கல்லை இறக்கி வைத்தது போல இருந்தது. கையெழுத்துப் போட்டாள். மை காய்வதற்குள் இயக்குநர் கோப்பைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

"மன்னிச்சுக்கங்கய்யா, வீணா சந்தேகப்பட்டுட்டேன்" என்றாள். "நல்லா ஓடின பட்டறைங்களை ஏன் மூடினாங்க?"

"சாயம் அலச ஆத்துல தண்ணி வேணாமா? சொட்டு இல்லாம வத்திப்போச்சே! அப்பவே எழுதிப் போட்டேன். 'அந்தக் கதையெல்லாம் வேணாம், மாசம் ஒண்ணாந்தேதி பாட்டில் வந்தாகணும், இல்லேன்னா வேலை போயிரும்'னு உங்க ஆபீஸ்லதான் மிரட்டினாங்க."

போனோடு ஜன்னலுக்கு ஓடினாள். "சார்! சார்!" இயக்குநரின் வண்டி வாசலைத் தாண்டித் திரும்பிக்கொண்டிருந்தது.

"அப்போ..." ஜன்னலிலிருந்து திரும்பினாள். "மாசாமாசம் பாட்டில்ல நீங்க அனுப்புறது?"

"எங்க ஊருக்கு வர்ற லாரித் தண்ணிம்மா."