இருபத்தெட்டாம் நாள்

முள் இருநூற்றைத் தாண்டியது.

அவள் கண்ணை எடுக்கவில்லை. இயந்திரத்தின் இரண்டு தகடுகளுக்கு நடுவே கான்கிரீட் க்யூப் ஒன்று நசுங்கிக்கொண்டிருந்தது. நானூற்றைம்பது கிலோநியூட்டன் வரை தாங்கினால்தான், அதே கலவையில் போட்ட கூரை கூரை.

வெள்ளிக்கிழமை முதல் அதன் கீழே அங்கன்வாடிப் பிள்ளைகள் தூங்கப்போகிறார்கள். முப்பத்திரண்டு பேர்.

கட்டியவர் சின்னராசு மாமா. அப்பா போனபின் அவளைப் படிக்க வைத்து, இன்ஜினியராக்கி, தன் சைட்டிலேயே வேலையும் கொடுத்த தாய்மாமா.

மாமா எதையும் லேசில் நம்பிவிட மாட்டார். தேங்காயைத் தட்டிக் கேட்டுத்தான் வாங்குவார். மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். அவளுக்கு வரன் வந்தால் பையனின் ஊர் டீக்கடை வரை போய் விசாரித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் விடுவார்.

கான்கிரீட்டுக்கு மட்டும் வேறு நியாயம். சோதனைக்கென்று சிமென்டை அள்ளிப் போட்டுத் தனிக் கலவை. அதில் வார்த்த க்யூப்தான் ஆய்வகத்துக்கு வரும். இதுவரை ஒன்றுகூடத் தோற்றதில்லை. எப்படித் தோற்கும்?

கூரை போட்ட அன்று மேலே ஏறிக்கொண்டிருந்த கலவைச் சட்டிகளை அவள் நிறுத்தினாள். அந்தக் கலவையிலேயே மூன்று க்யூப் வார்த்துக்கொண்டாள். மேஸ்திரி முறைத்தார். கான்கிரீட் முழு பலம் பெற, வீட்டில் துணி அலசும் டிரம்மில் இருபத்தெட்டு நாள் ஊறப்போட்டாள். அம்மா திட்டாத நாளில்லை.

முள் இருநூற்று எழுபதில் நின்றது.

மெல்லத் திரும்பியது.

க்யூபின் ஓரம் பிளந்து விழுந்தது.

ஆய்வகத்து ஆறுச்சாமி பேனாவை எடுத்தார். இருபது வருடப் பழக்கம். முள்ளைப் பார்க்காமலே கேட்டார்.

"எத்தனைன்னு போடட்டும் அம்மிணி?"

அவள் கண்முன் வந்தவர், தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவளை ஹாஸ்டல் வாசல் வரை கொண்டுவந்து விட்ட மாமா.

"வந்தத எழுதுங்ண்ணா."

இரண்டாவதை அவளே தூக்கி வைத்தாள். இருநூற்று அறுபது. மூன்றாவது அதைக்கூட எட்டவில்லை.

முடிவுத் தாளில் தன் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

போன் அடித்தது. மாமாதான். பின்னால் திறப்பு விழாப் பந்தலுக்குக் குழி தோண்டும் கடப்பாரைச் சத்தம். பாஸ்தானே என்றார், வழக்கம்போல. பதிலுக்குக் காத்திராமல், வெள்ளிக்கிழமை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வரச் சொன்னார். மேடையில் அவருக்குப் பக்கத்து நாற்காலி அவளுக்காம்.

அவள் குனிந்து உடைந்த துண்டொன்றை எடுத்தாள். கட்டைவிரலால் தேய்த்தாள். மணல் உதிர்ந்தது.

"தட்டிப் பாத்துட்டனுங் மாமா. அழுகலுங்."

மறுமுனையில் கடப்பாரை மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"நிறுத்துங்கப்பா," என்றார் மாமா, அங்கே யாரிடமோ. கடப்பாரைச் சத்தம் நின்றது.