காற்றாலைக்குப் பச்சைச் சான்று

எங்கள் தெருவுக்குப் பின்னால் நிற்கும் காற்றாலை நிஜமாகவே சுத்தமானதுதானா என்று அளந்து சொல்ல வருடாவருடம் ஓர் அதிகாரியம்மா வருவார். சிமென்ட், செம்பு, இறக்கையில் அடிபட்ட பருந்து, எல்லாமே கணக்கு. டீ கொடுத்தால் குடிக்கமாட்டார். அதையும் சேர்த்து எழுத வேண்டுமாம்.

இந்த வருடம் பருந்துகள் தப்பித்துவிட்டன. எதிர்வீட்டு ஸ்டெல்லாவின் புருஷன் ஏசுவடியான்தான் இறக்கை துடைக்க ஏறி, விழுந்து செத்தான். வேலையால் ஓர் உயிர் போனாலும் காற்றாலையை ஒரேயடியாக மூடிவிடுவார்கள். சொந்த வியாதியால் விழுந்தான் என்று பெண்டாட்டியே சொல்லிவிட்டால் கணக்கில் வராது. அவள் சொல்லும்வரை காற்றாலை சுற்றாது, கரண்டும் கிடையாது. தெருவே விசிறியும் கையுமாக ஸ்டெல்லா வாசலில் கூடிவிட்டது. துக்கத்துக்குக்கூட இவ்வளவு பேர் வரவில்லை.

"உங்க வீட்டுக்காரருக்கு முன்னாடியே ஏதாவது நோய் இருந்ததாம்மா?" என்று கேட்டார் அதிகாரியம்மா.

ஸ்டெல்லா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தலைசுத்தல் உண்டுல்லா, மக்ளே?" என்று எடுத்துக்கொடுத்தார் மீன்கடை தங்கையா. ஐஸ்பெட்டியில் கிடக்கும் வஞ்சிரத்தின் கவலை அவருக்கு. நான் தலையைத்தான் ஆட்டினேன், வேறொன்றும் சொல்லவில்லை.

"உண்டு," என்றாள் ஸ்டெல்லா, சுவரைப் பார்த்தபடி.

அதிகாரியம்மா தெருமுனையைத் தாண்டுமுன் இறக்கைகள் சுற்றத் தொடங்கின. எல்லாரும் ஃபேனைத் தேடி ஓடினார்கள். ஸ்டெல்லா மட்டும் வெயிலில் அப்படியே நின்றாள்.

"உள்ள போயி ஃபேனப் போடு, புள்ள. இப்பிடி வேர்த்து ஊத்துதே!" என்றேன்.

"வேர்க்குதாக்கா?" என்று கேட்டுவிட்டு, நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.