கிருமி இல்லாத ஒருவர்

காவலூர்ப் பக்கத்து முதியோர் இல்லத்தில் எல்லோரும் தெம்பாகத்தான் இருந்தார்கள். மலப் பரிசோதனையில்தான் அவர்கள் குடலில் மருந்துக்கு மசியாத கிருமி இருப்பது தெரிந்தது.

"வூட்ல கைக்கொழந்த கீது சார். தொட்டுத் தூக்கவே பயமா கீது" என்றாள் நர்ஸ் ஆன்சி.

வாசலில் 'கிருமி அண்டா இல்லம்' என்று பலகை மாட்டியிருந்த நிர்வாகி பிலிப்ராஜ் முகம் மலர்ந்தார். "நம்ம பெரியவரு ஜீவானந்தத்துக்கு மட்டும் கிருமி இல்லியாம்மா! நம்ம மானத்தக் காப்பாத்திட்டாரு. இனிமே நீ அவர மட்டும் பாத்துக்க."

"சார், போன மாசம் அவரு அடக்கத்துல நீங்கதானே அவ்ளோ நேரம் பேசனீங்க? பூட்டிக் கெடக்கற அவரு ரூமுக்கு நான் டெஸ்ட்டுக்கு மலம் எடுக்கற டப்பாவே வைக்கல."

"ரிப்போர்ட்டே வந்துடுச்சி. நீ இன்னா பேசற?"

ஆன்சி சாப்பாட்டுத் தட்டுடன் ஜீவானந்தத்தின் பூட்டிய அறை முன் நின்றாள். உள்ளே யாரோ குழாயைத் திறந்து, நிதானமாகக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.